சரபோஜி மன்னரும் சத்திரத்துப் பிள்ளைகளும்

தஞ்சைத் தரணியை ஆண்ட மஹாராஷ்டிர மன்னருள் இரண்டாம் சரபோஜியைச் சரஸ்வதி மஹாலின் பொருட்டு உலகம் கொண்டாடுகிறது. ஏடுகளைத் தேடிச் சேர்த்ததும், அச்சுக்கூடம் நிறுவியதும், கண் வைத்தியம் செய்வித்ததும் நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகளே. நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அவற்றையன்று. படிக்க வந்த பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு அவர் காலத்துச் சத்திரங்கள் விடை கண்ட வரலாற்றையே கூறுவாம்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிறந்தவர். மகப்பேறின்றி நோயுற்றிருந்த துளஜா மன்னர் 1787-ல் இச்சிறுவரைச் சுவீகாரம் செய்துகொண்டு, சில நாட்களில் காலமானார். அரசு அமர்சிங்கின் கைக்குப் போயிற்று. பத்து வயதும் நிரம்பாத பிள்ளை அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார், எழுத்தறிவிப்பாரும் இல்லை. ஷ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தலையிட்டு முறையிட்ட பின்னரே, விதவை ராணிமாரோடு சென்னைக்கு அனுப்பப்பட்டு, ஆங்கே முறையாகக் கல்வி பயிலும் வாய்ப்புப் பெற்றார். கல்வி மறுக்கப்பட்டவனுக்கே அதன் அருமை தெரியும். இம்மன்னரின் பிற்காலச் செயல்களைக் காணுந்தோறும் நமக்கு அந்த அடைபட்ட சிறுவரே நினைவுக்கு வருகிறார்.

1798-ல் பட்டம் எய்தினார். மறு ஆண்டிலேயே கும்பினியாரோடு செய்த உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் அவர் கையை விட்டு நீங்கிற்று. கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லக்ஷம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. அப்பொழுது எழுந்த கவலைகளுள் ஒன்று, முன்னோர் கட்டிய சத்திரங்களும் அவற்றிற்கு விடப்பட்ட கிராமங்களும் என்னாகும் என்பது.

சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கும் திண்ணை என்று இக்காலத்துப் பிள்ளைகள் எண்ணுவர். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியிலும் பிற இடங்களிலும் இருந்தவை அத்தகையன அல்ல. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், ராஜாமடத்து மோகனாம்பாள் சத்திரம், கடலோரத்துச் சேதுபாவாசத்திரம் முதலியவை தத்தமக்கென நிலம் உடையவை. அவ்வக் கிராமத்தில் விளைந்த நெல்லே சத்திரத்து அடுப்புக்கு ஆதாரம். கையிருப்புப் பணத்தைக் கொண்டு கடையில் அரிசி வாங்கி நடத்தும் தர்மம் விலை ஏறினால் சுருங்கும். களஞ்சியத்தில் நெல் உள்ள தர்மம் சுருங்காது. மிராசு அனுபவம் உள்ள நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1801-ல் மன்னர் ரெஸிடெண்டு டாரின் துரைக்கு நீண்டதொரு கடிதம் விடுத்தார். அதில் ராஜரீகப் பெருமை பேசவில்லை. சத்திரத்தில் ஒரு நாள் நடப்பதை எடுத்துரைத்தார். அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டார் ஈறாக வந்தோர் அனைவர்க்கும் அன்னம் இடப்படும். சமைத்த சோறு உண்ண விரும்பாதார்க்கு அரிசியும் சரக்குகளும் அளக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதார் எவரேனும் உளரோ என்று கூவி அழைப்பர். பிரசவமான பெண் மூன்று மாதம் வரை தங்கலாம். நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர் உண்டு, வைத்தியரும் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் உபாத்தியாயர் பொறுப்பில் விடப்படுவர். அவர்களுக்கு நாளைக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, ஆடை, மருந்து. விரும்பிய கலையில் பயிற்சி. கற்றுத் தேறியபின் விவாகச் செலவும் சத்திரத்தையே சேர்ந்தது.

எண்ணெய் முழுக்கைக்கூட மறவாது எழுதிய அரசரை வேறெங்கும் நாம் படித்ததில்லை. சாதி வேற்றுமை அச்சத்திரங்களில் இல்லாமற் போயிற்று என்று நாம் சொல்லோம். வேதபாடம் எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. ஆயினும் பசிக்கு அம்மணி பொதுவாக ஒலித்தது.

வேண்டுகோள் பலித்தது, சத்திரங்கள் மன்னர் வசமே நின்றன. தம் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய சத்திரம், யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போன்ற அமைப்புடையது. அங்கும் பாடசாலையும் அன்னமும் ஒருங்கே நடந்தன. அவ்வூர் காவிரி பாயாத மேட்டுப்பாங்கு; 1934-ல் மேட்டூர் அணை முடிந்து புதுஆறு வந்த பின்னரே ஆற்றுநீர் கண்டது. ஏரியையும் மழையையும் நம்பிய சீமையின் நடுவே தவறாது உலை கொதித்தது என்பது சிறிய காரியமன்று.

அரண்மனைச் சமையலைப் பற்றியும் சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் மராத்தி நூல் அவர் பெயரால் உள்ளது. அதன் பக்குவங்களைப் புகழ்வோர் பலர். சத்திரத்துச் சோற்றைப் பாடுவார் சிலரே.

1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் மன்னர் மறைந்தார். மகன் சிவாஜியோடு வமிசம் நின்று, 1855-ல் ஸமஸ்தானம் கும்பினியாரைச் சேர்ந்தது. சத்திரங்கள் பின்னர் ஜில்லா போர்டின் வசமாயின. ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்கள் போர்டுத் தலைவராயிருந்த 1920-களில், அச்சத்திர வருமானம் ஒரத்தநாடு, ராஜாமடம் ஆகிய ஊர்களில் ஏழை மாணவர் விடுதிகளுக்குப் பயன்படலாயிற்று. வேதபாடத்தின் வாயிலில் நின்றிருந்த பல குடும்பத்துப் பிள்ளைகள், மன்னர் காத்து வைத்த நிலத்துச் சோற்றை உண்டு, உயர்தரப் பாடசாலைக்குப் புத்தகமும் கையுமாய் நடந்தது அப்பொழுதுதான்.