காந்தியைக் கோடுகளில் பிடித்தவர்... யார் இந்த ஓவியர் ஆதிமூலம்?

யானைக்கவுனியில இருந்து வால்டாக்ஸ் ரோடு வழியா சென்ட்ரல் வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் பெரியமேட்டில் ஒரு சிவப்புக் கட்டடம் தெரியும். 1850-ல் தொடங்கப்பட்ட ஓவியக் கல்லூரி அது. துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938-ல் பிறந்த கே.எம்.ஆதிமூலம், 1961-ல் இங்குதான் மாணவராகச் சேர்ந்தார். அப்போது முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கர். சிற்பி தனபால் அங்கே ஆசிரியர்.

பென்சில்ல என்ன இருக்கு?

ஓவியக் கல்லூரியில் மனித உருவம் வரைவதுதான் அடிப்படைப் பயிற்சி. வகுப்பில் உட்காரும் மாடல் அசையாமல் இருப்பார். ஆனா ஸ்டேஷன்ல மூட்டை தூக்குறவர் நமக்காக நிற்க மாட்டாரே! அரை நிமிஷத்தில் ஆள் போயிடுவார். அதற்குள் பாரம் எந்தத் தோளில் இறங்குது, எந்தக் கால் தாங்குதுன்னு கண்ணு பிடிக்கணும். மூக்கு, முழியெல்லாம் அப்புறம்தான்.

காந்தி எப்படி வந்தார்?

1969, காந்தி நூற்றாண்டு. பேனாவும் மையும் கொண்டு சுமார் 100 காந்தி கோட்டோவியங்களை வரைந்தார் ஆதிமூலம். பென்சிலில் தப்பு நடந்தால் ரப்பர் இருக்கு, மையில் அந்த வசதி கிடையாது. காந்தி கொல்லப்பட்டபோது இவர் சின்னப் பையன், நேரில் உட்கார வைத்து வரைய வழியே இல்லை.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது, அச்சு அசலா இருக்கான்னு தேடினால் பாதி போயிடும். கோடுகள் எங்கே நெருங்கிப் பின்னுது, எங்கே மெலிந்து நின்னுடுது, எந்த இடத்தை வெறும் தாளாகவே விட்டிருக்கார்னு பாருங்க. வரையாமல் விட்ட வெள்ளையும் உடம்பின் பகுதிதான். வண்ணப் படம்தான் ஓவியம், கோட்டுப்படம் அதற்கு முந்தைய வேலை என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கு. அதை உடைக்க இந்த வரிசை ஒன்றே போதும்.

பத்திரிகை வாசகர்களுக்கு இவரை வேறு வழியிலும் தெரியும். ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்குப் படம் போட்டவர் இவரே. சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பு எழுத்துகளை வரைந்து கொடுத்தார். அச்செழுத்தில் இல்லாத ஒரு முரட்டு அழகு அவற்றில் இருக்கும்.

பின்னாளில் மனித உருவத்தையே விட்டுவிட்டு, பெரிய கேன்வாஸ்களில் வண்ணப் பரப்புகளாக அரூப ஓவியங்கள் தீட்டினார். கோட்டில் இவ்வளவு கைதேர்ந்தவர் அதை ஓரமாக வைத்தது சின்ன முடிவல்ல. 2008 ஜனவரி 15-ல் காலமானார்.