ஈ. வெ. இராமசாமியின் முதுமைக் காலம்

பெரியார் என அழைக்கப்படும் ஈ. வெ. இராமசாமி (செப்டம்பர் 17, 1879 – டிசம்பர் 24, 1973) ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்த சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். காங்கிரசில் இருந்த காலத்தில் கதர்ப் பரப்புரையில் ஈடுபட்ட இவர், 1925இல் அக்கட்சியிலிருந்து விலகினார்.

1934இல் திருப்பூரில் நடைபெற்ற செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் கா. ந. அண்ணாதுரை இவரை முதன்முதலாகச் சந்தித்தார். அப்போது இவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். திராவிடர் கழகம் உருவானது அதற்கும் பத்தாண்டுகள் கழித்தே என்பது குறிப்பிடத்தக்கது. 1949இல் பிரிந்து தனிக்கட்சி கண்ட அண்ணாதுரை, 1967இல் முதலமைச்சரானார். இவரினும் முப்பது ஆண்டுகள் இளையவரான அவர் 1969இல் மறைந்தார்.

இறுதி ஆண்டுகளில் சிறுநீர்க் கோளாறால் துன்புற்ற பெரியார், உடலில் குழாய் பொருத்தப்பட்ட நிலையிலும் வேனில் ஊர் ஊராகச் சென்று பேசினார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்பதே அப்போது இவரது முதன்மைக் கோரிக்கை. 1970இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 1972இல் உச்சநீதிமன்றம் ஏற்றபோதும், ஆகமக் கட்டுப்பாடு நீடித்தது. எனவே 1973 டிசம்பர் 8, 9 நாட்களில் சென்னையில் சமுதாய இழிவு ஒழிப்பு மாநாட்டைக் கூட்டினார். டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் வலியினூடே ஆற்றியது இவரது கடைசிப் பேருரை. ஐந்து நாட்களில், வேலூர் மருத்துவமனையில், 94ஆம் வயதில் காலமானார்.