பெரியபாளையம் தந்த பச்சையப்பர்

வள்ளல் பச்சையப்ப முதலியார் என்றதும் சேத்துப்பட்டுக் கல்லூரியும், சென்னை எஸ்பிளனேடு பகுதியில் கிரேக்கக் கோயிலின் சாயலில் எழுந்த மண்டபமும் நினைவுக்கு வருகின்றன. ஆரணியாற்றங்கரையில் பவானியம்மன் கோயில் கொண்டிருக்கும் பெரியபாளையம் நினைவுக்கு வருவது அரிது. ஆயினும் அவ்வள்ளலின் வாழ்வு தொடங்கியது அவ்வூரில்தான். அதுவும், பிறர் தந்த உதவியால் அடுப்பெரிந்த ஓர் எளிய வீட்டில்.

தந்தையார் காஞ்சிபுரத்து விசுவநாத முதலியார். மகன் பிறப்பதற்கு முன்னரே அவர் காலமானார். தாயார் பூச்சியம்மாள், வயிற்றில் கருவும் உடன் பெண்மக்களுமாகக் காஞ்சியை விட்டுப் புறப்பட்டார். கணவரின் நண்பரான ரெட்டிராயர் பெரியபாளையத்தில் இருந்தார். அவரை நாடி வந்து சேர்ந்தார். 1754ஆம் ஆண்டு அங்கே பச்சையப்பர் பிறந்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அக்குடும்பத்தை ரெட்டிராயர் ஆதரித்தார்.

அளந்து வரும் உதவியில் பல வயிறுகளை நிறைப்பது எத்தகைய கணக்கு என்பதை அக்காலப் பொருளியலே சொல்லும். கும்பினியார் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. வராகன் பெரிய மனிதர் கையில் புரளும் பொன். ஏழை வீட்டின் உப்பும் புளியும் காசிலேயே நடந்தன. பெரியபாளையத்தைச் சூழ்ந்த நிலம் ஏரிப் பாசனத்தை நம்பியது. மழை பொய்த்து ஏரி வற்றினால் தானிய விலை ஏறும். வாங்குவோருக்கு வரும் உதவி மட்டும் உடன் ஏறுவதில்லை. அத்தகைய நாட்களில் நெல்லரிசியை விட்டுக் கேழ்வரகுக்கும் கம்புக்கும் இறங்குவதும், கூழை நீர்க்கக் கரைப்பதும், வேலியோரக் கீரையைக் குழம்பாக்குவதும் இப்பகுதி ஏழைக் குடிகள் அறிந்த வழிகள். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்த்து ஊரார்க்கு வழங்கும் வழக்கம் இந்த வாழ்விலிருந்து விளைந்த அறமே எனலாம்.

ரெட்டிராயர் மறைந்தபின் அந்த ஆதரவும் அற்றது. பூச்சியம்மாள் மக்களுடன் சென்னைக்கு வந்து ஒரு சிறு வீட்டில் குடியேறினார். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகைக்கு ஆளாகி அலைக்கழிந்த நகரம் அது. அங்கே பெருந்தரகராக விளங்கிய பௌனி நாராயண பிள்ளை அக்குடும்பத்துக்கு அரணானார். சிறுவனுக்குக் கணக்கும், சரக்கின் தரமறிந்து வாங்கும் நுட்பமும், ஆங்கிலேயரோடு பேசுதற்கு வேண்டிய மொழியறிவும் அவர் நிழலிலேயே வாய்த்தன. காசு காசாக எண்ணிய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு கசக்கவில்லை.

இளம் வயதிலேயே பச்சையப்பர் துபாஷ் ஆனார். வெள்ளையருக்கும் நாட்டாருக்கும் இடையில் நின்று மொழியையும் பணத்தையும் கைமாற்றித் தருவதே துபாஷ் தொழில். வாணிகம், குத்தகை, அரசர்க்குக் கடன் தருதல் என அவர் தொழில் விரிந்து தஞ்சாவூர் வரை சென்றது. இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்.

அச்செல்வத்தைக் குறித்து ஒரு வினா எழாமற் போகாது. அரசர் வாங்கிய கடனுக்கு வட்டி எங்கிருந்து வந்தது? இறுதியில் அது உழவன் செலுத்திய தீர்வையிலிருந்தே வந்தது. 1780இல் ஐதர் அலியின் படை கருநாடகத்துட் புகுந்தது. அதனைத் தொடர்ந்து சென்னையைப் பஞ்சம் சூழ்ந்தது. பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க மணியக்காரர் சத்திரம் தோன்றியது 1782இல். தஞ்சை வளநாடும் அப்போரில் பாழ்பட்டது. துபாஷ்களின் பெருக்கமும் மக்களின் பட்டினியும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. பச்சையப்பரின் புகழைப் பாடுவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை. வந்த வழி எதுவாயினும், செல்வம் போக வேண்டிய வழியை அவர் அறிந்திருந்தார் என்பதே அவரைப் பிற துபாஷ்களிடமிருந்து வேறுபடுத்துகிறது.

கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாட்களில் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வணங்குவது அவர் வழக்கம் என்பர். காஞ்சியிலும் தில்லையிலும் அவர் கைங்கரியங்கள் உண்டு. உடல்நலம் குன்றிய நிலையில், 1794 மார்ச் 22ஆம் நாள் கும்பகோணத்தில் தம் உயிலை எழுதுவித்தார். மார்ச் 31ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. செல்வத்தைக் கோயில் கட்டளைகளுக்கும் அறங்களுக்கும் உரியதாக்கியிருந்தார்.

உயில் எழுதியதோடு அறம் நடந்துவிடவில்லை. பணத்தின் பெரும்பகுதி பிறரிடம் கடனாக நின்றது. உற்றாரிடையே வழக்குகள் மூண்டன. ஆண்டுகள் பல கழிந்தன. குறித்த அறங்கள் நடவாமல் நின்றன. அரசு வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் காம்டன் இதனை நீதிமன்றத்தின் முன் கொணர்ந்தார். பின்வந்த ஜார்ஜ் நார்ட்டன் தொடர்ந்து முயன்றார். இடைப்பட்ட காலத்தில் முதல் வட்டியோடு வளர்ந்திருந்தது. கட்டளைகளுக்கு உரிய தொகையை ஒதுக்கியபின் எஞ்சிய பெருந்தொகை கல்விக்கு என நீதிமன்ற ஏற்பாட்டால் முடிவாயிற்று.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. முதலை அழிக்காமல் வட்டியைக் கொண்டே அறம் நடக்கிறது. ஆனால் ஒரு கட்டளைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பணமாக வரையறுத்துவிட்டால், அரிசி விலை ஏற ஏற, அத்தொகையால் உண்போர் தொகை குறையும். பெரியபாளையத்து வீட்டைச் சூழ்ந்திருந்த அதே இடர் அன்னதானத்தையும் தொடர்கிறது. கல்வியோ, பெற்றவனுக்கு வருவாய் ஈட்டும் ஆற்றலைத் தந்துவிடுகிறது. விலை ஏறினாலும் அது தேய்வதில்லை.

1842இல் கருப்பர் நகரில் பச்சையப்பர் பள்ளி தொடங்கிற்று. 1850இல் மண்டபம் எழுந்தது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு 1947இல் எல்லார்க்கும் திறந்தது. கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கரின் சிறு மாதச் சம்பளத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசன் 1906இல் இங்கே வந்து பயின்றார். தேர்வில் வெல்லவில்லை, ஆயினும் ஆசிரியர் சிங்காரவேலு முதலியார் அவர் திறனை மதித்தார். காஞ்சி நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்த அண்ணாதுரை இங்கே பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மு. வரதராசனார் இங்கே தமிழ் கற்பித்தார்; அவர் வகுப்பறையிலிருந்து தமிழுக்கு எழுத்தாளர் பலர் கிடைத்தனர்.

வள்ளலைப் பாடுவது தமிழ்ப் புலவர் மரபு. கொடுத்த கையைப் பாடிய புலவர் பலர். அக்கையை வளர்த்த தாயைப் பாடியோர் சிலர். பிறர் அளந்து தந்ததைப் பங்கிட்டு, ஒரு பிள்ளையையும் பசிக்கு இழக்காமல் காத்த பூச்சியம்மாளுக்குச் சிலையோ மண்டபமோ இல்லை. பெரியபாளையத்தைச் சூழ்ந்த நிலத்தில் ஆலைகள் பெருகிவிட்ட இந்நாளிலும், மாதம் முடியும் முன்பே கூலி முடிந்துவிடும் வீடுகளில் அதே கணக்கைத் தாய்மார் போட்டுக்கொண்டிருக்கின்றனர். பச்சையப்பரைப் போற்றும் பாடலில் அத்தாய்க்கும் ஓரடி கிடைக்குமாயின், அவ்வறம் தொடங்கிய இடமும் போற்றப்பட்டதாகும்.