அணையாத அடுப்பு தந்த வள்ளலார்



வடலூர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தைப்பூசம், ஜோதி, கூட்டம். ஒரு தைப்பூசத்துக்கு நான் எங்க ஆயா கூட அங்கே போயிருந்தேன். ஆயா ஒரு பை நிறைய அரிசி தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஜோதி பார்க்கத்தானே போறோம், அரிசி எதுக்குன்னு கேட்டேன். முதல்ல அடுப்பு, அப்புறம்தான் ஜோதின்னு சொன்னாங்க. எனக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. வள்ளலார் வரலாற்றைப் படித்த பிறகுதான் புரிந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

வள்ளலாரின் இயற்பெயர் இராமலிங்கம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் தேதி பிறந்தார். அப்பா பெயர் இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மையார். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைசி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. பெரிய அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பி நல்லாப் படிக்கணும்னு அண்ணனுக்கு ஆசை. ஆனால் தம்பி படிக்கப் போகாமல் கந்தகோட்டம் முருகன் கோயிலிலேயே இருந்தார். (இதைப் பார்த்து நாமும் கட் அடிக்கக் கூடாது! அவர் சின்ன வயசிலேயே பாட்டு எழுதினவர்.) அண்ணனுக்குக் கோபம் வந்து, இவனுக்குச் சோறு போடக் கூடாதுன்னு சொல்லிவிட்டாராம். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரியாமல் கூப்பிட்டுச் சோறு போட்டாங்களாம். பசின்னா என்ன, அந்த நேரத்தில் ஒருத்தர் சோறு போட்டால் எப்படி இருக்கும் என்பதை அவர் அப்போதே தெரிந்துகொண்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

ஊர் மக்கள் கொடுத்த நிலம்

1858ல் சென்னையை விட்டுக் கிளம்பி, வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற ஊருக்கு வந்தார். அங்கே வேங்கட ரெட்டியார் என்பவர் வீட்டில் சுமார் 9 வருஷம் தங்கினார். 1865ல் ஒரு சங்கம் தொடங்கினார். சாதி, மதம் பார்க்கக் கூடாது, எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டுவதுதான் கடவுள் வழிபாடு என்பது அவர் கொள்கை.

1866ல் சென்னை மாகாணத்தில் பல இடங்களில் பஞ்சம் வந்தது. சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் மக்கள் தவித்தார்கள். பசித்தவனிடம் போய் உபதேசம் செய்து என்ன பயன்? முதலில் சோறு போட ஒரு இடம் வேண்டும் என்று வள்ளலார் முடிவு செய்தார்.

இடத்துக்கு எங்கே போவது? அதைக் கொடுத்தது ராஜா இல்லை, ஜமீன்தார் இல்லை. பார்வதிபுரம் கிராமத்து மக்கள்தான் சுமார் 80 காணி நிலத்தை இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர். அப்படியானால் 100 ஏக்கருக்கும் மேலே! (கணக்கு சார் சரிபார்க்கலாம்.)

1867 மே 23ஆம் தேதி அந்த இடத்தில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு அடுப்பு. அன்று மூட்டிய நெருப்பு 150 வருஷத்துக்கு மேல் ஆகியும் அணையவில்லை. நீ என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் இன்றும் சாப்பாடு போடுகிறார்கள்.

பிறகுதான் சபை

சத்திய ஞான சபை கட்டும் வேலை 1871ல்தான் தொடங்கியது. 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில் முதல் வழிபாடு நடந்தது. அது எட்டுப் பக்கம் உள்ள கட்டடம். உள்ளே சிலை கிடையாது, ஜோதி மட்டும்தான். அதற்கு முன்னால் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு நிறத்தில் ஏழு திரைகள்.

இப்போது வருஷத்தைப் பாருங்கள். அடுப்பு 1867, சபை 1872. அடுப்பு எரிந்து கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் கழித்துத்தான் ஜோதி தெரிந்தது. எங்க ஆயா சொன்னது இதுதான்!

1874 ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் ஒரு அறைக்குள் போன வள்ளலார் ஜோதியில் கலந்துவிட்டார் என்று அவருடைய அன்பர்கள் நம்புகிறார்கள். இரண்டே வருஷத்தில், 1876ல், கொடுமையான தாது வருஷப் பஞ்சம் வந்தது. வள்ளலார் இல்லை. ஆனால் அடுப்பு இருந்தது. யாரோ விறகு வைத்தார்கள், யாரோ அரிசி கொண்டு வந்தார்கள். அதனால்தான் அது இன்னும் எரிகிறது.

அந்த ஊர் மக்களுக்கு இன்னமும் அந்த நிலத்தின் மேல் உரிமையும் பாசமும் இருக்கு. 2024ல் சபைக்கு எதிரே உள்ள பெருவெளியில் அரசு ஒரு சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது, பார்வதிபுரம் மக்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். எங்க முன்னோர் கொடுத்த இடம் வெளியாகவே இருக்கட்டும், மையத்தை வேறு இடத்தில் கட்டுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு உண்மையைச் சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. வேலை இல்லாத மாதங்களில் நான் சில நாள் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்திருக்கேன். கேட்டால் பசிக்கலைன்னு சொல்லிடுவேன். என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒன்றும் கேட்க மாட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைப்பாள். அவ்வளவுதான். அவளுக்கு இந்தக் கட்டுரையில் நன்றி சொல்லிக்கிறேன்.

சபை கட்ட நம்மால் முடியாது. டிபன் பாக்ஸைத் திறந்து வைக்க முடியும். பசிக்கலைன்னு சொல்றவங்களை இன்னொரு தடவை பாருங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி