சொத்து போயிற்று, புத்தகம் நின்றது

உக்ரேன் நாட்டின் மேற்குப் பகுதியில் ஆஸ்ட்ரோக் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு ஒரு பிரபு வம்சம் வாழ்ந்தது. அவ்வம்சத்தில் புகழ் பெற்றவர் இளவரசர் கான்ஸ்டான்டி வாசில் ஆஸ்ட்ரோக்ஸ்கி.

1526இல் பிறந்த அவருக்கு வைத்த பெயர் வாசில். தந்தை கான்ஸ்டான்டி லிதுவேனியப் படைகளின் தலைமைத் தளபதி. 1514இல் ஓர்ஷா போரில் மாஸ்கோ படையை முறியடித்தவர். அவர் 1530இல் காலமானார். தந்தையின் முகம்கூடச் சரியாக நினைவில்லாத மகன், பிற்காலத்தில் அவர் பெயரைத் தாமும் சூட்டிக்கொண்டார்.

இக்குடும்பத்தார் ருத்தேனியர், அதாவது இன்றைய உக்ரேனியர், பெலாரஷ்யர் ஆகியோரின் முன்னோர். சமயத்தால் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். 1569இல் போலந்தும் லிதுவேனியாவும் ஒரே அரசாக இணைந்தன. அதன்பின் பதவியும் செல்வாக்கும் வேண்டிய பிரபுக்கள் ஒவ்வொருவராகப் போலிஷ் மொழிக்கும் கத்தோலிக்க மதத்துக்கும் மாறத் தொடங்கினர்.

ஆஸ்ட்ரோக்ஸ்கி மாறவில்லை. 1559 முதல் இறக்கும் வரை கீவ் பிரதேச ஆளுநராக இருந்தார். சுமார் 100 நகரங்களும் 1,300 கிராமங்களும் அவருக்குச் சொந்தம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

அண்ணன் மகள்

அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. அண்ணன் இலியாவின் மகள் ஹால்ஷ்கா, தந்தையை இழந்தவள். பெரும் சொத்துக்கு வாரிசு. 1553இல் அவளுக்கு வயது 14. தாயின் சம்மதமின்றி, சங்குஷ்கோ என்ற பிரபு அவளைப் பலவந்தமாக மணக்கச் சித்தப்பாவே துணை நின்றார். மறு ஆண்டே சங்குஷ்கோ கொல்லப்பட்டார். பின்பு மன்னரின் விருப்பப்படி வேறொரு பிரபுவுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அந்த வாழ்விலும் அவளுக்குச் சுகமில்லை.

அதே ஹால்ஷ்காதான் 1579இல் எழுதிய உயிலில் ஆஸ்ட்ரோக் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பெரும் பணம் எழுதிவைத்தாள்.

அச்சுக்கூடம்

அந்தப் பள்ளி 1576இல் ஆஸ்ட்ரோக்ஸ்கி தொடங்கியது. கிரேக்கம், லத்தீன், ஸ்லாவோனியம் மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. மாஸ்கோவை விட்டு வந்து ஊர் ஊராக அலைந்த அச்சுத் தொழிலாளி இவான் ஃபியோதரோவுக்கு அங்கே அச்சுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். 1578இல் ஓர் அரிச்சுவடி வெளிவந்தது.

அடுத்து முழு பைபிள். திருச்சபையின் ஸ்லாவோனிய மொழியில் முழு பைபிளும் அதுவரை அச்சேறியதில்லை. நம்பத்தக்க மூலப்பிரதியும் கைவசம் இல்லை. மாஸ்கோவிலிருந்து ஒரு கைப்பிரதி வரவழைத்தார். கிரேக்க மடங்களுக்கும் ரோமுக்கும் ஆள் அனுப்பினார். அறிஞர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுத் திருத்தினார்கள். 1581இல் 628 தாள்கள் கொண்ட ஆஸ்ட்ரோக் பைபிள் வெளிவந்தது. ஃபியோதரோவ் 1583இல் லிவிவ் நகரில் வறுமையில் இறந்தார்.

வீட்டுக்குள்ளே

ஆஸ்ட்ரோக்ஸ்கியின் மனைவி சோஃபியா, போலந்துத் தளபதி தார்னோவ்ஸ்கியின் மகள், கத்தோலிக்கர். மூத்த மகன் ஜானுஷ் இளமையிலேயே கத்தோலிக்கரானார். அடுத்த மகனும் அவ்வழியே சென்றார். அலெக்ஸாந்தர் மட்டும் தந்தையின் சமயத்தில் நின்றார். அவரும் 1603இல், தந்தை உயிரோடு இருக்கும்போதே, இறந்துவிட்டார்.

இதற்கிடையே 1596இல் பிரெஸ்ட் நகரில் ஆர்த்தடாக்ஸ் ஆயர்கள் பலர் போப்பின் தலைமையை ஏற்றனர். சபைகள் ஒன்றுசேர வேண்டுமென்று முன்பு பேசியவர்தான் ஆஸ்ட்ரோக்ஸ்கி. ஆனால் கீழைத் திருச்சபைகள் எல்லாவற்றையும் கலக்காமல் செய்த உடன்படிக்கையை அவர் ஏற்கவில்லை. எழுபது வயதில் எதிரணிக்குத் தலைமை தாங்கினார்.

1608இல் 82 வயதில் காலமானார். 1620இல் ஜானுஷ் ஆண் வாரிசின்றி மறைய, ஆஸ்ட்ரோக்ஸ்கி என்ற பெயர் அற்றுப்போயிற்று. சொத்து பெண் வழியில் பிறர் கைக்குப் போனது. அலெக்ஸாந்தரின் மகள் அன்னா கத்தோலிக்கராகவே வளர்ந்தவர். பாட்டனாரின் ஊரிலேயே 1624இல் ஏசு சபையாருக்குக் கல்லூரி நிறுவினார். பாட்டனாரின் பள்ளியோ சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

ஊராருக்கெல்லாம் அரிச்சுவடி அச்சிட்டுக் கொடுத்த பெரியவர், சொந்தப் பேத்தியைத் தம் வழியில் நிறுத்த முடியவில்லை. ஆனாலும் அவர் செலவு வீண் போகவில்லை. ஆஸ்ட்ரோக் பைபிளின் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இன்றும் நூலகங்களில் உள்ளன. 1994இல் ஆஸ்ட்ரோக் பள்ளி மீண்டும் உயிர்பெற்று, இன்று பல்கலைக்கழகமாக நடக்கிறது.