பெர்கர் கண்ட மூளை அலை

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று எப்படி அறிவது? குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. இன்று மருத்துவர்கள் அதன் தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, காதருகே ஓசை எழுப்பி, மூளை தரும் மின் விடையைக் கருவியில் பார்த்துவிடுகிறார்கள். மனிதத் தலையின் மேலிருந்தே மூளையின் மின்சாரத்தை அளக்கலாம் என்று முதன்முதலில் காட்டியவர் ஹான்ஸ் பெர்கர்.

1873-இல் ஜெர்மனியில் கோபர்க் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் நளன் கதையை ஜெர்மன் மொழியில் தந்த கவிஞர் ரூக்கர்ட். பெர்கர் முதலில் நாடியது வானநூல். இடையில் படையில் சேர்ந்தார். பயிற்சியில் ஒருநாள் குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளிற்று. பின்னால் வந்த பீரங்கி வண்டி மயிரிழையில் நின்றது. அன்று மாலையே நலம் விசாரித்து வீட்டிலிருந்து தந்தி! அவருக்கு ஏதோ ஆபத்து என்று உடன்பிறந்தாள் அடம்பிடித்தாளாம். தற்செயல் என்போம் நாம். அவரோ தம் அச்சமே ஓர் ஆற்றலாகப் பாய்ந்து சென்றது என்று நம்பினார். அந்த ஆற்றலைத் தேடியே மருத்துவம் பயின்றார்.

1897-இல் யேனா பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனையில் சேர்ந்து, 1919-இல் அதன் தலைவரானார். மூளையின் குருதியோட்டத்தை அளந்தார்; வெப்பத்தை அளந்தார்; தேடியது கிட்டவில்லை. 1924 ஜூலை 6-ஆம் நாள், அறுவையால் மண்டையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்த 17 வயது இளைஞனிடம் மூளை அலையைப் பதிந்தார். ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்கே அதன் அளவு. கருவியின் பிழையோ, தசையின் துடிப்போ என்று அவருக்கே ஐயம். தம் மகன் தலையிலும் சோதித்து, ஐந்து ஆண்டுகள் கழித்து 1929-இல்தான் வெளியிட்டார்.

கண்மூடி அமைதியாக இருப்போரிடம் வினாடிக்குப் பத்து அலை. கண் திறந்தாலும், மனக்கணக்குப் போட்டாலும், திடீரென்று ஓசை கேட்டாலும் அது அடங்கிற்று. பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூசும் செய்து காட்டிய பிறகே உலகம் ஒப்பியது. 1939-இல் அமெரிக்காவில் பாலின் டேவிஸ், விழித்திருக்கும் மனிதரின் மூளை ஓசைக்குத் தரும் விடையைத் தனியே பிரித்துக் காட்டினார். பெர்கர் தேடிய எண்ணப் பாய்ச்சல் மட்டும் எந்தக் கருவியிலும் சிக்கவில்லை.

1938-இல் ஓய்வு பெற்ற அவர், 1941-இல் மனச்சோர்வுற்றுத் தூக்கிட்டு இறந்தார். நாஜிகளால் வதைக்கப்பட்ட மேதை என்றே நெடுங்காலம் எழுதினார்கள். ஆவணங்கள் சொல்வது வேறு. மனநோயாளிகளுக்கும் பிறருக்கும் கட்டாயக் கருத்தடை விதித்த நீதிமன்ற அமைப்பில் அவரும் அமர்ந்து தீர்ப்பளித்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புகூட, அந்தப் பணிக்கு மீண்டும் வர இசைந்து கடிதம் எழுதினார்.