இயந்திரமா, இயக்கிய கையா? சஞ்சய் காந்தி விபத்தில் விடைபெறாத மூன்றாவது கேள்வி

புது தில்லி: தலைநகரில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்புறம் வளைந்து செல்லும் சாலைக்கு இன்று அன்னை தெரசாவின் பெயர். 1980ஆம் ஆண்டில் அது வில்லிங்டன் கிரசென்ட். அவ்வாண்டு ஜூன் 23 காலை எட்டு மணியைச் சற்றே கடந்த நேரத்தில், அச்சாலையின் 12ஆம் எண் இல்லத்துக்குப் பின்னால் இருந்த மரங்களின் நடுவே சிறிய சிவப்பு விமானம் ஒன்று தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. ஆட்சியில் இல்லாத காலத்தில் இந்திரா காந்தியும் அவரது குடும்பத்தினரும் வசித்த இல்லம் அது. விமானத்தில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். ஒருவர் அமேதி தொகுதி மக்களவை உறுப்பினர் சஞ்சய் காந்தி, வயது 33. மற்றவர் தில்லி ஃபிளையிங் கிளப்பைச் சேர்ந்த பயிற்றுநர் கேப்டன் சுபாஷ் சக்சேனா.

விமானத்தில் கோளாறா, ஓட்டியவரின் தவறா என்ற கேள்வி அன்று மாலையே தலைநகரில் எழுந்துவிட்டது. சதி என்ற சொல்லும் உடன் பரவியது. பல ஆண்டுகள் நீடித்த இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள சஞ்சயின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இயந்திரங்களின் மீது காதல்

1946 டிசம்பர் 14ஆம் தேதி பிறந்த சஞ்சய்க்குப் பாடப் புத்தகங்களில் நாட்டம் இருந்ததில்லை. டூன் பள்ளியில் படித்த அவர் கல்லூரிப் பக்கம் செல்லவில்லை. அவரை ஈர்த்தவை என்ஜின்களே. இங்கிலாந்தில் குரூ நகரிலுள்ள ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த அவர், பயிற்சியை முழுமையாக முடிக்காமலேயே நாடு திரும்பினார். தில்லி குலாபி பாக் பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் கார் ஒன்றை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார்.

தந்தை ஃபெரோஸ் காந்தி 1960இல் மறைந்தபோது சஞ்சய்க்கு வயது 13. நாடாளுமன்றத்தில் ஃபெரோஸ் பெற்ற புகழ், ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்துகொண்டே சொந்த அரசைக் கேள்வி கேட்டதால் வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ராவின் நிறுவனங்களுக்குச் சென்றதை 1957 டிசம்பரில் அவர் மக்களவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா தலைமையிலான விசாரணை பம்பாயில் மக்கள் முன்னிலையில் நடந்தது. அரங்கில் இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. அதன் விளைவாக 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியது தமிழக வாசகர்கள் அறிந்ததே. மகனின் மரணம் குறித்த விசாரணை சென்ற வழியை எடைபோட, இந்த முன்னுதாரணம் நினைவில் இருக்க வேண்டும்.

ஓடாத கார்

ஆண்டுக்கு 50,000 சிறிய கார்களைத் தயாரிக்க 1970 செப்டம்பரில் சஞ்சய்க்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. தொழில் நடத்திய அனுபவமும் இல்லை. தாயார் பிரதமர். 1971இல் மாருதி மோட்டார்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பன்சிலால் முதல்வராக இருந்த ஹரியாணா மாநிலத்தின் குர்காவ்னில், விமானப் படையின் வெடிமருந்துக் கிடங்குக்கு அருகிலேயே தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பு விதிகள் எழுப்பிய தடைகள் ஒவ்வொன்றாக விலகின.

ஜோதிர்மாய் பாசு, மது லிமயே, வாஜ்பாய், பிலு மோடி ஆகியோர் இந்த விவகாரத்தை நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பினர். 1972இல் தில்லியில் நடந்த ஆசிய வர்த்தகக் கண்காட்சியில் மாருதியின் மாதிரி கார் காட்சிக்கு வைக்கப்பட்டது. சோதனை ஓட்டங்களில் அது தடுமாறியது. முகவர்களிடம் முன்பணம் பெறப்பட்டும் அறிவித்த அளவில் உற்பத்தி தொடங்கவே இல்லை. 1978இல் நிறுவனத்தை மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.சி. குப்தா தலைமையிலான விசாரணை ஆணையம், விதிகள் எவ்வாறு வளைக்கப்பட்டன என்பதை 1979இல் விரிவாகப் பதிவு செய்தது.

கார் திட்டத்தின் கதியே பின்னர் வந்தவற்றுக்கும் முன்னோட்டமாக அமைந்தது. சாலைத் தகுதிச் சான்று முதல் நிலம் வரை, மறுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. மறுத்தவர்கள் அந்த இடத்தில் நீடிக்கவில்லை.

பதவியில்லாத அதிகாரம்

1975 ஜூன் 25ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது சஞ்சய் எம்.பி. அல்லர், அமைச்சரும் அல்லர். எனினும் முதல்வர்களும் மத்திய அமைச்சர்களும் அவரது சொல்லுக்காகக் காத்திருந்தனர். மரம் நடுதல், எழுத்தறிவு, வரதட்சணை ஒழிப்பு உள்ளிட்ட அவரது ஐந்து அம்சத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு மட்டும் இலக்கு வைத்து விரட்டப்பட்டது. 1976-77 நிதியாண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1976 ஏப்ரலில் பழைய தில்லியின் துருக்மான் கேட் பகுதியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது.

1977 தேர்தலில் அமேதியில் போட்டியிட்ட சஞ்சய், ஜனதா வேட்பாளர் ரவீந்திர பிரதாப் சிங்கிடம் தோற்றார். ஷா ஆணையம், வழக்குகள், சிறை என மூன்று ஆண்டுகள் கழிந்தன. திரைப்படச் சுருள்களை அழித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 1979 பிப்ரவரியில் அவருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1980 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. 1980 ஜனவரித் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் 353 இடங்களை வென்றது. சஞ்சய் அமேதியில் வெற்றி பெற்றார். வேட்பாளர்கள் பலரைத் தேர்வு செய்தவரும் அவரே. மே இறுதியில் ஒன்பது மாநிலங்களுக்கு நடந்த சட்டப்பேரவைத் தேர்தலில், எம்.ஜி.ஆர். மீண்டும் வென்ற தமிழ்நாட்டைத் தவிர மற்ற எட்டிலும் காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தது. கட்சியின் பொதுச் செயலராகப் பொறுப்பேற்ற சஞ்சய், தாயாருக்குப் பின் கட்சியும் ஆட்சியும் அவருக்கே என்று எல்லோரும் எண்ணிய உயரத்தில் இருந்தார்.

சுங்கத்தில் காத்திருந்த விமானம்

சஞ்சய் 1976இல் விமானி உரிமம் பெற்றிருந்தார். அண்ணன் ராஜீவ், இந்தியன் ஏர்லைன்ஸ் விமானி. தம்பியை ஈர்த்ததோ சாகசப் பறத்தல். அமெரிக்கத் தயாரிப்பான பிட்ஸ் எஸ்-2ஏ, அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இரட்டை இறக்கை விமானம். 200 குதிரைத்திறன் என்ஜின், இரு இருக்கைகள், இரண்டிலும் கட்டுப்பாட்டுக் கருவிகள். விரல் அசைவுக்கே பதில் சொல்லும் அந்த விமானம், பழகிய கைகளுக்கு விளையாட்டு. பழகாத கைகளுக்கு ஆபத்து. இந்தியாவுக்கு வந்த இந்த விமானம், 1977இல் ஆட்சி மாறியதால் சுங்கத் துறையிலேயே தேங்கியது. ஆட்சி திரும்பியபின் 1980 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டு, சப்தர்ஜங் விமான நிலையத்தில் பொருத்தப்பட்டது.

ஜூன் 23 காலை சக்சேனாவை உடன் அழைத்துக்கொண்டு சஞ்சய் புறப்பட்டார். நகரின் மையப் பகுதிக்கு மேல் தாழ்வாகக் குட்டிக்கரணங்கள் அடித்த விமானம், அவற்றில் ஒன்றை முடித்து மேலெழ முடியாமல் செங்குத்தாகத் தரையில் மோதியது. புறப்பட்டுச் சில நிமிடங்களே ஆகியிருந்தன.

விவாதத்தின் இரு தரப்பு

இயந்திரக் கோளாறு என்று ஐயுற்றவர்களுக்கு, மூன்றாண்டுகள் கிடந்து புதிதாகப் பொருத்தப்பட்ட விமானம் என்பது ஒரு பிடிமானம். கட்டுப்பாட்டுக் கம்பிகளில் ஒன்று சிக்கினாலோ என்ஜின் ஒரு நொடி திணறினாலோ குட்டிக்கரணத்தின் நடுவே மீள வழியில்லை. ஆனால் அப்படி நடந்ததற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் வெளிவந்ததில்லை. சதி என்ற ஐயத்துக்கும் அதே நிலைதான். தாழ்வான உயரத்தில் சாகசம் செய்கையில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே நிலைபெற்ற முடிவு.

அதற்கான காரணமும் எளிது. குட்டிக்கரணத்தின் உச்சியிலிருந்து கீழிறங்கும் விமானம் மீண்டும் நிமிர்வதற்குக் குறிப்பிட்ட உயரம் தேவை. அந்த உயரம் இல்லையெனில், குறையே இல்லாத என்ஜினும் காப்பாற்றாது. சஞ்சய் குர்தா, பைஜாமா, கோலாப்புரி செருப்புடனேயே விமானம் ஓட்டுவார் என்றும், தகுந்த காலணி அணியுமாறு ராஜீவ் எச்சரித்தார் என்றும் அக்காலம் குறித்த நூல்கள் கூறுகின்றன. விமானத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் மிதிகள் காலால் இயக்கப்படுபவை.

இருப்பினும் ஓட்டியவரின் தவறு என்று எழுதுவதோடு கணக்கு முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கருவிகள் இருவரிடமும் இருந்தன. கடைசி நொடிகளில் அவற்றைப் பிடித்திருந்த கை யாருடையது? சஞ்சயின் துணிச்சல் என்று சொன்னால் பயிற்றுநர் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி எழும். பயிற்றுநரின் பிழை என்று சொன்னால், மறுத்துப் பேச வாயில்லாத ஒருவர் மீது பழி விழும். சக்சேனாவுக்கும் குடும்பம் இருந்தது. அவரது பெயர் அன்றைய இரங்கல் செய்திகளின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

மறுத்தவர் எங்கே?

மூன்றாவது கேள்வி இங்குதான் வருகிறது. மக்கள் நெருங்கி வாழும் நகரின் மேல், அதுவும் தலைநகரின் உயர் பாதுகாப்புப் பகுதியின் மேல், தாழ்வாகச் சாகசப் பறத்தலை விமான விதிகள் அனுமதிக்கவில்லை. அவ்விதிகளைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் ஏர் மார்ஷல் ஜாபர் ஜாகீர். பாதுகாப்பு விதிகளை சஞ்சய் மீறுவதாக அவர் ஆட்சேபம் தெரிவித்தார். விபத்துக்குச் சில நாள்களுக்கு முன் விடுப்பில் அனுப்பப்பட்டவர் அவர்தான். சஞ்சய் தடையின்றிப் பறந்தார்.

விமானத்தில் கோளாறு இருந்ததா என்பதைச் சிதைவுகளை ஆராய்ந்து சொல்லிவிடலாம். சுழல்விசிறி எப்படி வளைந்தது, கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தது மோதலுக்கு முன்பா, பின்பா என்பதெல்லாம் உலோகத்தில் பதிந்திருக்கும். விதியைச் சுட்டிக்காட்டிய அதிகாரி ஏன் அகற்றப்பட்டார் என்பது உலோகத்தில் பதியாது. அதற்குச் சாட்சிகளைப் பொதுவில் அழைத்து விசாரிக்க வேண்டும்.

1937ஆம் ஆண்டு விமான விதிகள் இரு வழிகளையும் தந்திருந்தன: அதிகாரிகள் தமக்குள் நடத்தும் புலனாய்வு ஒன்று, பொதுவில் சாட்சியம் பெறும் முறையான விசாரணை மற்றொன்று. விபத்தை அடுத்து நீதிபதி விசாரணை அறிவிக்கப்பட்டது. சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டு, துறையின் புலனாய்வே போதும் என்றாயிற்று. தன் செயலைத் தானே விசாரிக்கும் நிலை துறைக்கு ஏற்பட்டது. தந்தை எழுப்பிய புகாருக்கு ஒலிபெருக்கி வைத்து விசாரணை நடத்திய நாட்டில், மகனின் மரணம் கோப்புக்குள் முடிந்தது. சதி வதந்திகள் பல்லாண்டுகள் உயிரோடிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர் நடந்தவை

விபத்து நடந்தபோது சஞ்சயின் மகன் வருண் மூன்று மாதக் குழந்தை. விமானி வேலையோடு அமைதியாக இருந்த ராஜீவ், தாயாருக்குத் துணையாக அரசியலுக்கு வந்து 1981இல் அமேதி இடைத்தேர்தலில் வென்றார். சஞ்சயின் பெயரோடு இணைந்த கார் நிறுவனத்தை அரசு கையகப்படுத்தியது. ஜப்பானின் சுசுகியோடு கைகோத்து அது தயாரித்த முதல் மாருதி 1983 டிசம்பர் 14ஆம் தேதி, சஞ்சயின் பிறந்த நாளில், குர்காவ்னில் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. முறையான தொழில்நுட்பமும் சோதனைகளும் கிடைத்தபின் அந்தக் கார் நாடெங்கும் ஓடியது.

விமானங்களுக்கு அனுமதி தரும் துறையே அவற்றின் விபத்துகளையும் புலனாய்வு செய்யும் முறை மாற மேலும் பல ஆண்டுகள் ஆயின. விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு தனியாக ஏற்படுத்தப்பட்டது 2012இல்தான்.

சஞ்சயை வெறுத்தவர்கள் அவரது முடிவை விதி என்றனர். நேசித்தவர்கள் சதி என்றனர். அந்தச் சிவப்பு விமானம் பறக்க முடிந்தது, தடுக்க வேண்டியவர் தடுக்கும் இடத்தில் இல்லாததால். இயந்திரமோ கையோ பிசகியது கடைசிச் சில நொடிகளில். நிர்வாகம் பிசகியது அதற்குப் பல நாள்களுக்கு முன்பே.